எழுதியதை எடுத்துச் செல்ல வழி வேண்டும்

1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு புகைப்படம்கூட இல்லை. ஆனால் தண்ணீர் எந்தத் தெருவில் எந்த வாசற்படிவரை ஏறியது, யார் வீட்டு மாடு எங்கே கரையேறியது என்று ஆச்சி சொன்னதெல்லாம் அப்பாவின் கையெழுத்தில் ஒரு பழைய நாட்குறிப்பில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தின்போது என் கைப்பேசியில் மட்டும் படங்களும் காணொளிகளும் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. இன்று அவற்றைத் திறந்தால் இது வண்ணார்பேட்டையா, ஏரலா, எந்த நாள், எத்தனை மணி என்று பாதிக்கு மேல் சொல்ல முடியவில்லை. படமே இல்லாத வெள்ளத்தைப் பற்றி எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. படங்களால் நிறைந்த வெள்ளம் கலங்கலாக நிற்கிறது.

ஆற்றங்கரைப் படித்துறைகள், கல்மண்டபங்கள், வீட்டுச் சமையல் என்று நெல்லைச் சீமையைப் பற்றி வெகுகாலமாக வலைப்பதிவு எழுதுகிறேன். சமூக ஊடகங்களிலும் இருக்கிறேன். தங்கை மகனோடு உட்கார்ந்து வீடியோ கேமும் விளையாடுகிறேன். எதில் எழுதத் தொடங்கலாம், பையனுக்கு எந்த விளையாட்டை வாங்கித் தரலாம் என்று தெரிந்தவர்கள் கேட்கும்போது மூன்றுக்கும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறேன். உள்ளே போட்டதை வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா? தொடங்கியதை முடித்துவிட்டு எழுந்து வர முடியுமா? இதற்கு நேரான பதில் இல்லாத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இந்தக் கேள்வி பாளையங்கோட்டை பிரவுசிங் சென்டர்களில் உருவானது. அப்போது இணையத்தில் தமிழ் படிப்பதே பெரும்பாடு. ஒரு தளத்துக்கு ஓர் எழுத்துரு. அதை இறக்கி நிறுவாவிட்டால் திரையில் வெறும் கட்டங்கள்தான். திஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கம். ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் ஒட்டினால் எழுத்துகள் உருத்தெரியாமல் சிதறும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யுனிகோடு பரவி, எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவசத் தட்டச்சு மென்பொருள்கள் வந்தபிறகுதான் எழுதுவது ஓர் இன்பமானது. தமிழ்நாடு அரசும் 2010இல் யுனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனாலும் பழைய சிக்கல் ஒழிந்துவிடவில்லை. எங்கள் பக்கத்தில் கோயில் கொடை அழைப்பிதழ், குடும்ப மலர், சங்க ஆண்டறிக்கை எல்லாம் டிடிபி கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்களில் அடிக்கப்படுகின்றன. அச்சில் அழகாக இருக்கும். அதன் பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்துப் பாருங்கள், பொருளில்லாத குறிகள் வந்து விழும். தேடினால் ஒரு பெயரும் அகப்படாது.

ஆகவே அச்சகத்தில் பணம் கொடுக்கும்போதே அந்த உரையை யுனிகோடாக மாற்றி ஒரு பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களிடம் மாற்றும் வசதி இல்லையென்றால் எழுத்துருவின் பெயரையாவது கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்தால் இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் ஒன்று கை கொடுக்கும். பெயர் தெரியாவிட்டால் வரிவரியாகத் திரும்பத் தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஊர்ப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல அடித்த கோயில் வரலாறுகள் இப்படிப் பூட்டிக் கிடப்பதைப் பார்க்கும்போது உண்மையாகவே மனம் பதறுகிறது.

வலைப்பதிவுக் கருவிகளுக்கு வருகிறேன். பைரா லேப்ஸ் என்ற சிறிய நிறுவனம் 1999இல் தொடங்கிய பிளாகரை 2003இல் கூகுள் வாங்கியது. அதே 2003இல் வேர்ட்பிரஸ் பிறந்தது. அதன் பிறகு எத்தனையோ வந்தன, போயின. இந்த இரண்டும் இன்றும் நிற்கின்றன. மாதம் ஒன்றிரண்டு கட்டுரை எழுதுகிறவருக்கு நான் சொல்வது பிளாகர்தான். செலவில்லை, பராமரிப்பு இல்லை, எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். இணையத்தில் சொந்தமாக இடம் வாடகைக்கு எடுத்து வேர்ட்பிரஸ் நிறுவினால் வசதிகள் ஏராளம். ஆனால் ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும், கூடுதல் வசதி தரும் செருகுநிரல்களைப் புதுப்பிக்க வேண்டும், யாரும் உள்ளே புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலைகளில் விருப்பம் உள்ளவர்களுக்கு அது பெரும் சுதந்திரம். விருப்பமில்லாதவர்களுக்கு எழுதும் நேரத்தை அதுவே தின்றுவிடும்.

எதைத் தேர்ந்தாலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இறக்கிக்கொள்ளும் காப்புக் கோப்பில் எழுத்து மட்டும்தான் முழுதாக இருக்கும். படங்கள் பெரும்பாலும் இருக்காது. அவை எங்கே இருக்கின்றன என்ற முகவரிதான் இருக்கும். மூலத் தளம் மூடினால் முகவரி மிஞ்சும், படம் மிஞ்சாது. அதனால் படங்களை ஊர்வாரியாக, ஆண்டுவாரியாக என் ஹார்டு டிஸ்கில் தனியே வைத்திருக்கிறேன். கோப்பின் பெயரிலேயே இடமும் தேதியும் இருக்கும். கட்டுரையை முதலில் நோட்பேடில் எழுதி, பிறகுதான் வலைப்பதிவில் ஒட்டுகிறேன். வேர்டில் எழுதி ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்புக் குப்பையெல்லாம் கூடவே வரும். பதிவு வெளியானதும் அதன் முகவரியை, இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் கொடுத்துச் சேமிக்கச் சொல்கிறேன். ஒரு நிமிட வேலைதான்.

சொந்தப் பெயரில் டொமைன், அதாவது இணையதள முகவரி, வாங்குகிறவர்கள் அதை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணில் பதிவு செய்யுங்கள். கம்ப்யூட்டர் படித்த தம்பி ஒருவர் வந்து உட்கார்ந்து எல்லாம் செய்து கொடுத்துவிட்டுப் போவார். பிறகு வேலைக்குச் சென்னையோ பெங்களூரோ போய்விடுவார். புதுப்பிக்கச் சொல்லி வரும் அறிவிப்பு அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருக்கும். தெரிந்த ஒரு சங்கத்தின் இணையதளம் இப்படித்தான் கைவிட்டுப் போனது. அதில் இருந்த கல்வெட்டுப் படங்களை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய நிறுவனம் என்பதால் அழியாது என்று எண்ண வேண்டாம். பல தளங்களின் பதிவுகளைத் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 செப்டம்பர் 30ஆம் தேதியோடு நின்றது. அதன் இன்னொரு சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. ஒவ்வொன்றும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் மூடியது. அந்த இடைவெளியில் எழுந்துபோய் இறக்கிக்கொண்டவர்களிடம் அங்கே சேர்த்தவை இன்றும் இருக்கின்றன.

இவ்வளவு சொல்வதால் சமூக ஊடகத்தை வேண்டாம் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதனால் எனக்குக் கிடைத்தது சிறிதல்ல. ஆற்றங்கரை மண்டபம் ஒன்றின் படத்தைப் போட்டிருந்தேன். மும்பை தாராவியில் குடியேறிய நம் ஊர்க்காரர், வயதில் மூத்த அண்ணாச்சி ஒருவர், அதன் கீழே நீண்ட குறிப்பு எழுதினார். அந்த மண்டபத்துக்கு ஊரில் வழங்கிய பழைய பெயர், தைப்பூசத்துக்கு அங்கே யார் பானகம் வைப்பார்கள், எந்தத் தூணில் சிறுவர்கள் ஏறிக் குதிப்பார்கள் என்று அத்தனையும் அதில் இருந்தன. வலைப்பதிவில் மட்டும் எழுதியிருந்தால் அவர் கண்ணில் அது பட்டிருக்கவே வாய்ப்பில்லை. ஆனால் அடுத்த வாரமே அந்தக் குறிப்பு எத்தனையோ வாழ்த்துகளுக்கும் விளம்பரங்களுக்கும் அடியில் புதைந்துவிட்டது.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. ஆற்றில் ஓடுவதைக் கால்வாயில் திருப்பிக் குளத்தில் நிறைத்துக்கொண்டால்தான் நம் வயலுக்குத் தண்ணீர். சமூக ஊடகம் ஆறு, வலைப்பதிவு குளம். நான் செய்வதெல்லாம் இடையில் ஒரு கால்வாய் வெட்டுவதுதான். வார இறுதியில் உட்கார்ந்து அந்த வாரம் எழுதியவற்றில் நிற்கக் கூடியதை எடுத்து வலைப்பதிவில் சேர்க்கிறேன். கீழே வந்த தகவல்களை எழுதியவரிடம் கேட்டு, அவர் ஒப்புதலோடு சேர்க்கிறேன். மேற்சொன்ன அண்ணாச்சி மகிழ்ச்சியோடு சரி என்றதோடு, இன்னும் இரண்டு மண்டபங்களைப் பற்றியும் எழுதி அனுப்பினார்.

நம் பதிவுகள் மொத்தத்தையும் இறக்கிக்கொள்ளும் வசதி பெரிய தளங்களில் உண்டு. அமைப்புகளில் உள்ளே தேட வேண்டியிருக்கும். அப்போது நிரல்கள் படிப்பதற்கான ஜேசன் வடிவமா, உலாவியில் திறக்கும் எச்டிஎம்எல் வடிவமா என்று கேட்கும். எச்டிஎம்எல்லைத் தேர்ந்தெடுங்கள். நான் ஒரு தளத்திலிருந்து ஜேசன் வடிவில் எடுத்தபோது தமிழ் எழுத்துகள் எல்லாம் உச்சிக்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளாக மாறி வந்தன. நிரல் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் அதை மீட்டுக் கொடுத்தார். எச்டிஎம்எல் வடிவில் அதே பதிவுகள் சுத்தமாக, எந்த உலாவியிலும் படிக்கும்படி இருந்தன.

2023 வெள்ளத்தின்போது சமூக ஊடகம் உயிர் காத்தது என்பதையும் கண்ணால் பார்த்தேன். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பதால், தண்ணீர் அங்கே எந்த அளவில் நிற்கிறது என்பதைக் கொண்டே ஊர்க்காரர்கள் வெள்ளத்தின் போக்கைக் கணிப்பார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய்ப் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் உதவிய செய்திகள் அத்தனையும் ஒரே மாதிரி இருந்தன. ஊர், தெரு, தேதி, மணி, தண்ணீர் எதைத் தொட்டிருக்கிறது, எத்தனை பேர், அழைக்க வேண்டிய எண். இவை இருந்தால் படகு வைத்திருப்பவர் கிளம்பிவிடுவார்.

உதவாத செய்திகளும் ஒரே மாதிரிதான் இருந்தன. "இப்போது வந்த தகவல்", "உடனே பகிரவும்" என்று தொடங்கும். "இப்போது" என்பது எப்போது என்று எங்கும் இருக்காது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன் மீட்கப்பட்டவர்களுக்காக ஆட்கள் மறுபடி அலைந்தார்கள். வாட்ஸ்அப் நிறுவனம் 2018இலேயே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்திகளுக்கு 2020இல் இன்னும் இறுக்கியது. ஆனால் நேரம் குறிப்பிடாத செய்தியை எந்தக் கட்டுப்பாடும் நேராக்கிவிடாது. எழுதுகிறவர்தான் எழுத வேண்டும். மீட்கப்பட்டதும் முதல் செய்திக்குப் பதிலாகவே "மீட்கப்பட்டார்கள், இத்தனை மணி" என்று போடுவதும் அதே அளவுக்கு முக்கியம்.

வெள்ளப் படங்களை, அல்லது எந்த முக்கியமான படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். எடுத்த தேதி உள்ளிட்ட உட்குறிப்புகளும் நீங்கிவிடும். முதல் பத்தியில் நான் சொன்ன கலங்கல் பெருமளவு இதனால் வந்ததுதான்.

இன்று சமூக ஊடகங்களில் காணும், முடிவு இல்லாமல் உருண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006இல் உருவாக்கியவர் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர். பின்னாளில் அதற்காகப் பொதுவெளியில் வருத்தம் தெரிவித்திருக்கிறார். அவர் வருந்தியதன் காரணம் எனக்கு வீடியோ கேம்களின் வழியாகத்தான் நன்றாகப் புரிந்தது.

எங்கள் தலைமுறைக்கு டிவி கேம். பெட்டியில் கேசட்டைச் செருகி, தொலைக்காட்சிக்கு முன்னால் தெருப் பிள்ளைகள் மொத்தமும் உட்காருவோம். ஒருவர் தோற்றால் அடுத்தவர் கைக்கு வரும். சூப்பர் மரியோவில் 8 உலகம், ஒவ்வொன்றிலும் 4 கட்டம், மொத்தம் 32. கடைசிக் கட்டத்தை முடித்தால் இளவரசி கிடைப்பாள், விளையாட்டு முடிந்துவிடும். இன்றைய கைப்பேசி விளையாட்டுகளில் பல முடிவதே இல்லை. தினமும் உள்ளே வந்தால் ஒரு பரிசு, வராவிட்டால் அது போய்விடும், பருவம் முடிவதற்குள் இத்தனை புள்ளி சேர்க்க வேண்டும் என்று இழுத்துக்கொண்டே இருக்கின்றன. குழந்தையின் மன உறுதியைக் குறை சொல்வதற்கு முன் அந்த அமைப்பைப் பார்க்க வேண்டும்.

இருந்தாலும் பிடுங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தங்கை மகன் எட்டாம் வகுப்பு. அவன் விளையாடுவது பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு, பப்ஜியின் இந்தியப் பதிப்பு. 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டபின் 2021இல் வந்து, 2022 ஜூலையில் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் நேரக் கட்டுப்பாட்டோடு திரும்பிய விளையாட்டு. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம் என்பது அந்தக் கட்டுப்பாடு. எங்கள் வீட்டில் அதுவும் அதிகம் என்று குறைத்துக்கொண்டோம். ஆனால் சண்டை குறையவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் "இரு மாமா" என்பான். மூன்றாம் முறை கூப்பிடும்போது இருவருக்கும் குரல் உயரும்.

ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தேன். நூறு பேர் வரை ஒரு தீவில் இறங்குகிறார்கள். வட்டம் சுருங்கச் சுருங்கக் கடைசியில் ஓர் அணி மிஞ்சுகிறது. ஏறத்தாழ அரை மணி நேரம். நடுவில் நிறுத்திவைக்க இயலாது. கூட விளையாடும் மூவரும் அவன் பள்ளி நண்பர்கள். பாதியில் எழுந்தால் அவர்களைக் கைவிட்டதாகிறது. அப்போதுதான் புரிந்தது, நாங்கள் கடிகாரத்தை வைத்துப் பேசுகிறோம், அவன் ஆட்டத்தை வைத்துப் பேசுகிறான். இப்போது மணிக்கணக்கு இல்லை, "இரண்டு ஆட்டம்" என்பதே பேச்சு. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே "புதிதாகத் தொடங்காதே" என்று சொல்லிவிடுகிறோம். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். எங்கள் வீட்டில் பலன் தந்த ஒரே மாற்றம் இதுதான். அதோடு, முன்பின் தெரியாதவர்களோடு குரலில் பேசும் வசதியை அணைத்து வைத்திருக்கிறோம். பணம் செலுத்தும் செயலி எதுவும் அவன் விளையாடும் கைப்பேசியில் கிடையாது.

பணம் வைத்து ஆடும் சூதாட்டங்களை இதோடு சேர்த்துப் பேசுவது தவறு. தமிழ்நாட்டில் 2023இல் அதற்குத் தடைச் சட்டம் வந்தது. 2025இல் நாடு முழுவதற்கும் சட்டம் இயற்றப்பட்டது. பிள்ளை துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறான் என்று பதறுகிற வீட்டிலேயே பெரியவர்கள் கைப்பேசியில் ரம்மி ஆடியதை நான் அறிவேன். பதற வேண்டியது அதற்குத்தான்.

கோடை விடுமுறையில் மருமகனை மைன்கிராஃப்ட் பக்கம் திருப்பினேன். சதுரக் கட்டைகளால் உலகம் கட்டும் விளையாட்டு. சுலோச்சன முதலியார் பாலத்தைக் கட்டலாமா என்று கேட்டேன். 1843இல் முதலியார் தன் சொந்தச் செலவில் கட்டிக் கொடுத்த பாலம் என்பதைச் சொன்னதும் அவனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. கொக்கிரகுளம் கரையில் இறங்கி வளைவுகளை எண்ணினான், 11. சதுரக் கட்டைகளைக் கொண்டு வளைவு கட்டுவது எளிதல்ல. கணித நோட்டில் கட்டம் போட்டு, எந்த வரிசையில் எத்தனை கட்டை தள்ளி வைக்க வேண்டும் என்று வரைந்துகொண்டான். பாலம் எழும்பியதும் நான் சொன்ன முதல் வேலை, அந்த உலகத்தை ஏற்றுமதி செய்து கோப்பாக எடுத்து வைப்பது. கைப்பேசி பழுதானாலோ செயலியை நீக்கினாலோ உள்ளே கட்டியதெல்லாம் போய்விடும். இப்போது அந்தக் கோப்பு பாலத்தின் படங்கள் இருக்கும் அதே கோப்புறையில் இருக்கிறது.

கடைசியாக ஒரு விளையாட்டைச் சொல்ல வேண்டும். 2023இல் கனடாவின் டொராண்டோவிலிருந்து வந்த 'வெண்பா'. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், அம்மாவின் பெயர் வெண்பா. அவள் அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறை படிந்தும் கிடக்கிறது. அழிந்துபோன இடங்களை யோசித்து நிரப்பிச் சமைத்து முடிக்க வேண்டும். இட்லித் தட்டுகளைச் சரியாக அடுக்கி அவிப்பதே முதல் புதிர். 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது பெற்றது. ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். எனக்கு அதுவே அதன் பெரிய சிறப்பு.

மருமகன் மடிக்கணினியில் விளையாட, அடுப்படியிலிருந்து அம்மா வந்து நின்று பார்த்தாள். இட்லித் தட்டைப் பார்த்ததும், துணி விரித்து அவிக்கும் பழைய பானையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். பேச்சு அங்கிருந்து சொதிக்குப் போயிற்று. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை விருந்துக்கு வைக்கும் சொதியை அவள் யாருக்கும் அளவு சொல்லிக் கொடுத்ததில்லை, கைப்பக்குவம்தான். அன்று மருமகன் கேட்கக் கேட்கச் சொன்னாள். காய்களை மூன்றாம் பாலில் வேக வைப்பது, பாசிப்பருப்பு எந்தப் பதம், முதல் பால் ஊற்றியபின் கொதிக்க விடாமல் இறக்குவது, ஆறியபின் எலுமிச்சைச் சாறு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். நான் நோட்பேடில் அடித்துக்கொண்டேன்.

பிறகு அம்மா உண்மையிலேயே சொதி வைத்தபோது தேங்காயையும் பருப்பையும் தங்கை தனியே அளந்து குறித்தாள். குறிப்பு வலைப்பதிவில் ஏறிவிட்டது. தேங்காய்ப்பாலின் அளவில் மட்டும் அம்மாவுக்கும் தங்கைக்கும் இன்னும் உடன்பாடு வரவில்லை. அதனால் இருவர் அளவையும் அவரவர் பெயரோடு, தேதியோடு போட்டிருக்கிறேன்.